அச்சுப் புத்தகத்தை நிறுத்திவிட்டு முழுக்க டிஜிட்டல் நூலகம்: நர்சிங் கல்லூரிக்குச் சரிவருமா?

பர்கூர் நூலகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் பக்கம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் நூலகப் பொறுப்பில் இருக்கிறேன். அடுத்த கல்வியாண்டிலிருந்து அச்சுப் புத்தகம் வாங்க வேண்டாம், அந்தப் பணத்தில் ஒரு மின்நூல் தொகுப்புக்குச் சந்தா கட்டிவிடலாம் என்று எங்கள் நிர்வாகம் யோசிக்கிறது. நூலக ஹாலில் பாதி வகுப்பறையாகும். மீதியில் கம்ப்யூட்டர் வரும். சந்தா விற்க வந்தவர் எல்லாவற்றையும் திரையில் போட்டுக் காட்டினார். உடலைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் முப்பரிமாணப் படங்கள், ஊசி போடுவதிலிருந்து பிரசவம் வரை வீடியோக்கள், அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

முடிவெடுக்கும் முன்னால் நூலகத்தின் தரப்பை ஒரு குறிப்பாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டார்களே என்பதே எனக்குப் பெரிய விஷயம். அதனால் ஒப்புக்கு எதையாவது எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

டிஜிட்டல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரே மருந்தியல் புத்தகத்துக்கு வகுப்பே காத்துக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்கிறேன். மத்தூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, அஞ்செட்டி மலைப்பக்கம் என்று வருகிறார்கள். பெரும்பாலும் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள், வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள். முதல் வருஷம் உடற்கூறியல் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் பென்சிலால் பொருள் எழுதி வைத்துக்கொள்வார்கள். அடுத்த வருஷம் வரும் ஜூனியர், புதுப் பிரதியை விட்டுவிட்டு, எழுதி வைத்த பிரதியைத்தான் கேட்டு வாங்குவாள். விதிப்படி புத்தகத்தில் எழுதக் கூடாது. இதை மட்டும் நான் தடுப்பதில்லை.

என் சந்தேகங்கள் இவைதான். சந்தா நின்றுபோனால் எங்கள் கையில் என்ன மிஞ்சும்? இப்போது அரசுக் கல்லூரிகளுக்கு ஆய்வு ஜர்னல்கள் எல்லாம் கிடைக்கிறதாமே, அதில் எங்களுக்கு இடம் உண்டா? எங்கள் எம்.எஸ்சி. மாணவிகள் எழுதிய ஆய்வேடுகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. அந்த பீரோவும் ஹாலை விட்டுப் போகப் போகிறது. அவற்றை என்ன செய்வது? இன்னும் பத்து வருஷம் கழித்து, அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கும்போது, "அன்றைக்கே இதை யோசித்திருக்கலாமே" என்று சொல்லும்படியான விஷயங்கள் எவை? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தருமபுரி பழைய நூலகர் எழுதியது:

வணக்கம்மா. சேலத்திலும் தருமபுரியிலும் மருத்துவ நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேட்டலாக் அட்டை அடுக்கிய காலத்தில் சேர்ந்தேன், மருத்துவக் கட்டுரைகளை இணையத்தில் தேடும் பப்மெட் காலத்தில் வெளியே வந்தேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கட்டுரைகளுக்கு இன்டெக்ஸ் மெடிக்கஸ் என்று தடித்தடியாக ஒரு பட்டியல் வரும். 1879இல் தொடங்கியது, 2004இல் அச்சு நின்றது. அதில் தலைப்பைத் தேடி, கட்டுரை எந்த ஜர்னலில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஜர்னல் நம்மிடம் இல்லையென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிப் போய் ஜெராக்ஸ் எடுத்து வருவார்கள் முதுநிலை மாணவர்கள். 1997இல் பப்மெட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம் என்றானது. 2000இல் முழுக் கட்டுரைகளையே இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் வந்தது. தருமபுரியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது எப்பேர்ப்பட்ட மாற்றம் என்பதை நேரில் பார்த்தவன் நான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். நிர்வாகத்திடம் நீங்கள் வைக்க வேண்டிய முதல் கேள்வி, "எது நமக்குச் சொந்தம், எது வாடகை?" என்பதுதான். மின்நூல் தொகுப்பு பெரும்பாலும் வாடகை. பணம் கட்டும் வரை கதவு திறந்திருக்கும். கட்டாத மாதம் ஒரு பக்கம்கூடத் திறக்காது. சந்தா நடப்பில் இருக்கும்போதே பதிப்பாளர் ஒரு புத்தகத்தைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாம், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கும். தேர்வுக்கு முந்தின வாரம்தான் அது தெரியவரும். உங்கள் அக்செஷன் ரிஜிஸ்டரில், அதாவது இருப்புப் பதிவேட்டில், ஏறிய புத்தகமோ, கரையான் அரிக்காத வரை உங்களுடையது. பென்சில் எழுத்தோடு சேர்த்து.

ஜர்னல் விஷயத்துக்கு வாருங்கள். "ஒரே நாடு ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 ஜர்னல்கள், 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்கள். குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. இது பெரிய காரியம், நான் வேலையில் இருந்த காலத்தில் கனவிலும் நினைக்காதது. ஆனால் இது மத்திய, மாநில அரசுகளின் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். தனியார் கல்லூரி இதில் இல்லை. அதனால் உங்கள் மாணவியும் அரசுக் கல்லூரி மாணவியும் ஒரே பல்கலைக்கழகத் தேர்வு எழுதினாலும், ஒருத்திக்குத் திறக்கும் கட்டுரை இன்னொருத்திக்குத் திறக்காது. இதை உங்கள் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கும் 2027க்குப் பிறகு என்ன என்ற கேள்வி காத்திருக்கிறது. பிறகு சந்தா தொடராவிட்டாலும், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களையாவது படிக்க உரிமை உண்டா என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பார்க்க வேண்டும். நூலகர்கள் "நிரந்தர அணுக்கம்" என்று சொல்வது இதைத்தான். உங்கள் தொகுப்புக்காரரிடமும் இதை வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இலவசமாகக் கிடைப்பதை நம்பலாமா என்றால், நம்பலாம், ஆனால் அதுவும் எங்கேயோ ஒருவர் பராமரிப்பதால்தான் நிற்கிறது. 2000 முதல் 2019 வரை இணையத்திலிருந்து அடியோடு காணாமல்போன திறந்த அணுக்க ஜர்னல்கள் 170க்கு மேல் என்று ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. யாரும் பூட்டவில்லை, தடை செய்யவில்லை. நடத்தியவர்கள் விட்டுவிட்டார்கள், சர்வர் நின்றது, வேறெங்கும் பிரதி இல்லை. பப்மெட்டே ஒரு நாட்டின் அரசுப் பணத்தில் ஓடுவதுதான். 2025 மார்ச் தொடக்கத்தில் அது கொஞ்ச நேரம் நின்றபோது உலகம் முழுக்கப் பதறினார்கள். ஜெர்மனியின் மருத்துவ மத்திய நூலகம் மாற்று ஏற்பாடு ஒன்றை உருவாக்குவதாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

சரி, இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை உங்கள் பீரோதான்.

நம் இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழுப்பேறிய பல்லையும் மடக்க முடியாத முதுகையும் பார்க்காமல் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் திறந்து வைத்தார்கள். அதன் நோக்கத்திலேயே, ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் ஃப்ளோரோசிஸைக் குறைப்பதும் அடக்கம்.

இதை நூலகரின் கண்ணால் பாருங்கள். பல்லில் அந்தக் கறை விழுவது சிறு வயதில், எனாமல் உருவாகும் பருவத்தில் குடித்த தண்ணீரால். அப்படியென்றால் 2013க்கு முன்னால் ஒரு கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து எழுதிய கணக்கு எதுவாக இருந்தாலும், அதை மறுபடி எடுக்கவே முடியாது. அந்தத் தண்ணீர் மாறிவிட்டது, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். காவிரித் தண்ணீர் வந்ததால் எவ்வளவு குறைந்தது என்று 2035இல் ஒரு மாணவி ஆராய வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய கணக்கு வேண்டும். அது எந்தப் பன்னாட்டு ஜர்னலிலும் வந்திருக்காது. யாரோ ஒரு முதுநிலை மாணவர் பட்டத்துக்காக எழுதி, கறுப்பு ரெக்ஸின் பைண்டிங் போட்டு, பொன்னெழுத்தில் தலைப்பு அச்சடித்துச் சமர்ப்பித்த ஆய்வேட்டில்தான் இருக்கும். அதிலும் முன்பக்கத்து விளக்கவுரையில் இல்லை. கடைசியில் மடித்து வைத்த மாஸ்டர் சார்ட்டில், ஒவ்வொருவரின் விவரத்தையும் வரிசையாக எழுதிய அட்டவணையில், இருக்கும்.

அந்த மாஸ்டர் சார்ட்டை எப்படி ஸ்கேன் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். நூறு நோயாளிகளின் விவரத்தைப் பொடி எழுத்தில் ஒரே தாளில் அடைத்திருப்பார்கள். அதைக் குறைந்த தெளிவில் ஸ்கேன் செய்தால் 3 எது, 8 எது என்று தெரியாது. ஆய்வேட்டின் முன்பாதி பளிச்சென்று இருக்கும், தரவு மட்டும் அழிந்திருக்கும். பின்னட்டையில் ஒட்டிய சிடியில் எக்செல் கோப்பு இருக்கிறது என்பார்கள். இன்றைக்கு வாங்கும் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. இருந்தாலும் பாதி சிடி படிக்காது. உலகத்து ஜர்னல்கள் எல்லாம் மாணவர்களின் கையில் இருக்க, நம் ஊர் நோயாளிகளைப் பற்றி நம் ஊரிலேயே எழுதியது மட்டும் கையில் இல்லாமல் போவதைத்தான் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறேன். சந்தா இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம். இது போனால் போனதுதான்.

ஹாலைக் குறைக்கட்டும், பரவாயில்லை. பீரோவைக் குறைக்க விடாதீர்கள்.

அரூர் டாக்டர் எழுதியது:

அக்கா, நான் பொது மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். பெரியவர் ஆய்வேட்டைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெளிநாட்டுப் பாடநூல்களில் அவர்கள் ஊர்ப் பாம்புகளுக்கே இடம் அதிகம். நமக்கு வருவது கட்டுவிரியன். தரையில் பாய் போட்டுத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார். கடித்த தடம் தெரியாது, வலி இருக்காது, கொஞ்ச நேரத்தில் இமை தொங்க ஆரம்பிக்கும். இப்படி வருவார்கள் என்பதை நான் முதலில் படித்தது ஒரு சீனியருடைய ஆய்வேட்டில். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கிவிட்டது. இனிமேல் எண்ணிக்கை ஒழுங்காகச் சேரும். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் விவரத்தை யார் சேர்த்து வைப்பார்கள் என்பது பெரியவர் கேட்ட அதே கேள்விதான்.

நான் சொல்ல வந்தது வேறு. நூலகத்துக்கு வெளியே ஒரு நூலகம் ஓடுகிறது, அது எங்கள் வாட்ஸ்அப் குழு. யாரோ அனுப்பிய பிடிஎஃப், யாருக்கோ போய், பென் டிரைவில் ஏறி, ஹாஸ்டல் முழுக்கச் சுற்றும். அந்தக் கோப்புக்குத் தனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. 2020 மே மாதம் லான்செட் மருத்துவ ஜர்னலில், கொரோனாவுக்குக் கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி ஒரு கட்டுரை வந்தது. தரவை யாராலும் சரிபார்க்க முடியாததால் ஜூன் 4 அன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஜர்னலின் தளத்தில் போய்ப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை இருக்கும். மே மாதமே இறக்கி வைத்த பிரதியில் எதுவும் இருக்காது. 2023 ஒரே ஆண்டில் உலகம் முழுவதும் 10,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பகுதி ஹிந்தாவி பதிப்பகத்தின் ஜர்னல்களில் வந்தவை. அவற்றில் எத்தனை எத்தனை பேருடைய பென் டிரைவில் இன்னும் உயிரோடு இருக்கிறதோ.

நர்சிங் பிள்ளைகளுக்கு இதைவிட நேரடியாக ஓர் உதாரணம் சொல்கிறேன். இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவியில் முன்பெல்லாம் மூச்சுவழியைச் சரிசெய்வதுதான் முதல் படி. 2010இல் அமெரிக்க இதயக் கழகம் அதை மாற்றி, பெரியவர்களுக்கு மார்பை அழுத்துவதில் தொடங்கச் சொன்னது. பழைய பாடநூலின் ஸ்கேன் பிரதி இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒரு மாணவி அதைப் படித்தால், பழைய வரிசைதான் மனதில் பதியும். அச்சுப் புத்தகத்தில் முதல் பக்கத்தைப் புரட்டினால் பதிப்பு ஆண்டு தெரிந்துவிடும். ஒரு அத்தியாயத்தை மட்டும் வெட்டி அனுப்பும்போது அது போய்விடுகிறது. எனவே "டிஜிட்டல்" என்றால் புதியது என்று நிர்வாகம் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஏஐ. என் பேட்ச்சில் ஆய்வேட்டுக்கு ஏஐயிடம் மேற்கோள் கேட்பது சாதாரணமாகிவிட்டது. அது கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு நம்பும்படி இருக்கும், ஆசிரியர் பெயர் இருக்கும், ஜர்னல், பக்க எண் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக இருக்கும் டிஓஐ எண்ணைப் போட்டுப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை திறக்கும், இல்லையென்றால் எதுவுமே திறக்காது. கைடுக்கு ஒவ்வொன்றையும் சரிபார்க்க நேரம் இருப்பதில்லை. இப்படி ஒரு பொய் மேற்கோள் ஒரு ஆய்வேட்டில் ஏறிவிட்டால், அதைப் பார்த்து அடுத்த வருஷத்து ஆள் எடுப்பார், அவரைப் பார்த்து இன்னொருவர். நூலகங்கள் எதிர்கொள்ளப்போகும் பெரிய வேலை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். புத்தகம் தேடிக் கொடுப்பதை விட, இருப்பது உண்மையா என்று பார்த்துச் சொல்வது. உங்கள் மாணவிகளுக்கு ஸோட்டெரோ பழக்கிவிடுங்கள் அக்கா. இலவச மென்பொருள். மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும், அதில் ஒன்று பின்னால் திரும்பப் பெறப்பட்டிருந்தால் அதுவே எச்சரிக்கையும் காட்டும். ஒரு மதியம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஓசூர் சிஸ்டம்ஸ் எழுதியது:

கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து சின்னதாக ஒன்று. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. சுமார் இரண்டு வாரம் நோயாளிப் பதிவெல்லாம் காகிதத்தில்தான் நடந்தது. 2023 அக்டோபரில் லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் லைப்ரரிக்கும் இதே கதி. அவ்வளவு பெரிய நூலகத்தின் கேட்டலாக்கே மாதக்கணக்கில் இணையத்தில் இல்லை. அவ்வளவு பெரிய இடங்களுக்கே இப்படி என்றால், பராமரிக்க ஆளில்லாமல் ஒரு மூலையில் ஓடும் கல்லூரி சர்வரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேன் செய்த எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு பிரதி கல்லூரியில், இன்னொன்று நெட்வொர்க்கில் இணைக்காத ஹார்டு டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில். வருஷத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கைத் திறந்து கோப்புகள் படிக்கின்றனவா என்று பாருங்கள். பேக்கப் எடுப்பவர்கள் நிறைய, திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

அஞ்செட்டி செவிலி எழுதியது:

அக்கா வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு அஞ்செட்டி பக்கம் துணை சுகாதார நிலையத்தில் எம்.எல்.எச்.பி.யாக (இடைநிலை சுகாதாரப் பணியாளராக) இருக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் இருப்பவர்களைத் தேடி வீட்டுக்கே போகும் வேலை. கல்லூரியில் படித்ததை விட இங்கே வந்த பிறகுதான் எனக்குப் படிக்க வேண்டியது அதிகம்.

ஆனால் கல்லூரியை விட்டு வந்த உடனே லாகின் மூடிவிட்டார்கள். படிக்கும்போது எல்லாப் புத்தகமும் ஃபோனில் இருக்கிறது என்று நம்பி, சொந்தமாக ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு முந்தின பேட்ச் அக்காமார்கள் வைத்திருக்கும் பழைய சமுதாய நலச் செவிலியம் புத்தகத்தைத்தான் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். உங்கள் நிர்வாகம் பணம் கட்டும்போது, படித்து முடித்துப் போனவர்களுக்கும் கொஞ்ச வருஷத்துக்காவது திறந்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு நர்ஸ் நாலு வருஷம் மாணவி, அப்புறம் முப்பது வருஷம் நர்ஸ்.

இன்னொன்று சிக்னல். மலையில் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். எப்போதும் ஆன்லைனில் இருந்தால்தான் திறக்கும் என்கிற ஆப் எனக்குப் பயன்படுவதே இல்லை. இறக்கி வைத்துக்கொள்ள விட்டால் அது நூலகம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகளையும் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2024இல் வெளியிட்ட நர்சிங் பாடநூல்களையும் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்திருக்கிறேன். ஓப்பன்ஸ்டாக்ஸ் அமெரிக்கப் புத்தகம் என்பதால் மருந்துப் பெயரும் சட்டமும் மாறும், அதைக் கவனித்துப் படிக்க வேண்டும். மற்றபடி நல்ல புத்தகங்கள்.

இதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீடுகளில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள். காலில் புண் வந்த சுகர்காரப் பாட்டிக்கு விளக்கிச் சொல்ல, ஒரு படமும் நாலு வரியும் அவர்கள் மொழியில் இருந்தால் போதும். அந்தக் கோடி கோடிக் கட்டுரைகளுக்கு நடுவே அது எங்கே இருக்கிறது என்று யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். நானே எழுதி வைத்துக்கொண்டது ஒரு நோட்டில் இருக்கிறது.

பர்கூர் நூலகி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அஞ்செட்டி தங்கச்சி, அந்த நோட்டை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பம்மா. எங்கள் நூலகத்தில் அதற்கு ஒரு எண் போட்டு ஏற்றுகிறேன். கிருஷ்ணகிரி பக்கம் வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

பெரியவரிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொன்ன பிறகு பீரோவைத் திறந்து பார்த்தேன். மாஸ்டர் சார்ட் சிலவற்றில் நோயாளியின் பெயர், வயது, ஊர், ஆஸ்பத்திரி ஐ.பி. (உள்நோயாளி) எண் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு ஆய்வேட்டில் எச்.ஐ.வி. இருக்கும் தாய்மார்கள். ஊர் சின்னது ஐயா, பெயரும் தெருவும் போதும், யார் என்று தெரிந்துவிடும். இதை ஸ்கேன் செய்து இணையத்தில் போட எனக்குக் கை வரவில்லை. போடாமல் விட்டால் நீங்கள் சொன்ன தரவு போய்விடுமே?

தருமபுரி பழைய நூலகர் எழுதியது:

கை வரவில்லை என்பது சரியான உணர்ச்சி அம்மா. அதை விடாதீர்கள். அந்தத் தாய்மார்கள் சிகிச்சைக்கு வந்தார்கள், இணையத்துக்கு வரவில்லை. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் இல்லாத காலத்திலும் இது தவறுதான்.

வழி இருக்கிறது. ஸ்கேன் செய்வதையும் வெளியிடுவதையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா ஆய்வேட்டையும் முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். சாதாரணப் பக்கத்துக்கு 300 டிபிஐ தெளிவு போதும், மாஸ்டர் சார்ட்டுக்கு 600 வையுங்கள். அந்த மூலப் பிரதி கல்லூரிக்குள்ளே, பூட்டில், முதல்வரும் நெறிமுறைக் குழுவும் அனுமதித்தால் மட்டும் திறக்கும்படி இருக்கட்டும். இன்னொரு பிரதியில் பெயர், ஐ.பி. எண், தெரு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வயது, ஒன்றியம், அளவீடுகளை மட்டும் வையுங்கள். கறுப்புப் பட்டையை மேலே ஒட்டினால் போதாது. சில பிடிஎஃப்களில் அதற்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும், காப்பி செய்து ஒட்டினால் வந்துவிடும். மறைத்த பக்கத்தை அச்செடுத்து, அந்தத் தாளை மறுபடி ஸ்கேன் செய்வது பழைய முறைதான், ஆனால் பயமில்லாத முறை. ஃப்ளோரோசிஸ் மாதிரி ஆய்வுக்கு ஒன்றியம் வரை தெரிந்தால் போதும். எச்.ஐ.வி. மாதிரி விஷயத்தில் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் சந்தேகம் வந்தால் சார்ட்டை வெளியிடவே வேண்டாம், சுருக்கத்தை மட்டும் போடுங்கள். கோப்பை பிடிஎஃப்-ஏ வடிவத்தில் சேமியுங்கள். நீண்ட காலப் பாதுகாப்புக்கென்றே வகுத்தது அது.

அடுத்து, கண்டுபிடிக்கும்படி செய்வது. தலைப்பில் "ஒரு மூன்றாம் நிலை மருத்துவமனையில்" என்றுதான் எழுதியிருப்பார்கள், எந்த ஊர் என்றே இருக்காது. நீங்கள் விவரப் பதிவில் ஊரை, ஒன்றியத்தை, ஆண்டைச் சேருங்கள். நோய்ப் பெயருக்கு, பப்மெட் பயன்படுத்தும் மெஷ் என்ற பொதுச் சொற்பட்டியலில் உள்ள சொற்களைப் பயன்படுத்துங்கள். "பென்னாகரம்" என்று தேடினால் பென்னாகரத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதியது எல்லாம் வர வேண்டும். இந்த வேலையை எந்தக் கம்பெனியும் உங்களுக்குச் செய்து தராது, ஏனென்றால் பென்னாகரம் எது என்று அவர்களுக்குத் தெரியாது.

சர்வருக்கு அலைய வேண்டாம். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆய்வேடுகளுக்குத் திறந்த களஞ்சியம் ஒன்றை நடத்துகிறது, நர்சிங் ஆய்வேடுகளும் அதில் இருக்கின்றன. உங்கள் கல்லூரியுடையவை எவை அங்கே ஏறியிருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன என்று முதலில் பட்டியல் எடுங்கள். விடுபட்டதிலிருந்து ஸ்கேன் வேலையைத் தொடங்கலாம். பிற்பாடு உங்களுக்கென்று தனியாக வேண்டுமென்றால் களஞ்சியம் நடத்த டி-ஸ்பேஸ் இருக்கிறது, மென்பொருளுக்குக் காசில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் வேண்டும். கம்ப்யூட்டர் எத்தனை என்று உங்கள் நிர்வாகம் எண்ணும்போது, ஆள் எத்தனை என்றும் எழுதிக் கொடுங்கள்.

அச்சு வாங்குவதை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. முதல் இரண்டு வருஷத்துக்கான அடிப்படைப் பாடநூல்களை அச்சில் வாங்குங்கள். அவைதான் பென்சில் படும் புத்தகங்கள். அடிக்கடி மாறும் மருந்து விவரம், வழிகாட்டிகள், வீடியோ எல்லாம் சந்தாவில் வரட்டும். நர்சிங் கவுன்சில் நூலகத்துக்கு வைத்திருக்கும் விதிகளையும் எடுத்துப் பார்த்து, அந்தப் பக்கத்தைக் குறிப்போடு இணையுங்கள்.

பர்கூர் நூலகி எழுதியது:

ஐயா, இது போதும். பட்டியல் எடுக்கும் வேலையை நாளைக்கே ஆரம்பிக்கிறேன். குறிப்பில் கேட்கப்போவதையும் முடிவு செய்துவிட்டேன். முதல் இரண்டு வருஷப் புத்தகம் அச்சில், சந்தா மூன்றாம் வருஷத்திலிருந்து. சந்தாவில் இறக்கிக்கொள்ளும் வசதி, படித்து முடித்தவர்களுக்கு அணுக்கம், நின்றுபோனால் எது மிஞ்சும் என்பது மூன்றும் எழுத்தில். ஸ்கேனருக்கும் ஒரு உதவியாளருக்கும் தனி ஒதுக்கீடு. பீரோ ஹாலிலேயே இருக்கும்.

படித்து முடித்தவர்களுக்கும் அணுக்கம் தரும்படி எந்தக் கல்லூரியாவது ஒப்பந்தம் போட்டிருந்தால், அந்த ஷரத்து எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இங்கே பகிருங்கள். விற்க வந்தவர் அடுத்த வாரம் மறுபடி வருகிறார்.